இரு ஊராருக்கும் இடப்பக்கம்

முதல் பேராசிரியர் எங்கள் கிணற்றில் விழுந்தபோது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். தொப்பென்று சத்தம் கேட்டது. தேங்காயாக இருக்கும் என்று நினைத்தேன். தேங்காய் ஐயோ என்று சொல்லாது.

"ஏட்டி சுடலை, கயித்த எடுத்துட்டு ஓடியா!" என்று கத்தினேன்.

என் பெண்சாதி சுடலையம்மாள் கயிற்றோடு வந்தாள். "மாடா விழுந்துருச்சு?"

"மாடு என் கையில நிக்கி. இது பேண்ட் போட்டுருக்கு."

எட்டிப் பார்த்தேன். கழுத்தளவு தண்ணீரில் ஒரு மனிதர் நின்றார். நெற்றி பிளந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஒற்றைக் காதில் தொங்கியது. ஒரு கை படிக்கல்லைப் பிடித்திருந்தது. இன்னொரு கை ஒரு தாளை நனையாமல் உயரத் தூக்கிப் பிடித்திருந்தது. தாளை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். கடைசியில் தாளைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் மேலே ஏறி வந்தார்.

வந்ததும் கேட்டார்: "பயிலரங்கத்துக்குப் பதிவு எங்க பண்ணணும்?"

"ஐயா, இது என் வீட்டுக் கிணறு."

"கிணறுன்னு தெரியுது. பதிவு எங்க?"

எதிரே கையைக் காட்டினேன். என் வீடு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. ரோட்டுக்கு மேற்கே, என் வாசலுக்கு நேர் எதிரில், மலையடிப் பல்கலைக்கழகம். அதன் வளைவு மூன்று யானை சேர்ந்து நுழையும் அளவுக்கு இருக்கும். பெயரைப் பித்தளையில் அடித்து வைத்திருக்கிறார்கள். குருடன்கூட மோதித் தெரிந்துகொள்வான்.

பேராசிரியர் வளைவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி வளைவைப் பார்த்தார்.

"அது வலப்பக்கம்ல இருக்கு. போலியா இருக்கும்" என்றார்.

தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்கு மூணாங்கிளாஸ்தான். 'ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவோர் பல்கலைக்கழக நிறுத்தத்தில் இறங்கி, இடப்பக்கம் திரும்பி, பார்வை பிசகாமல் நேராக நடந்தால் பயிலரங்கக் கூடத்தை அடையலாம்' என்று போட்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறவனுக்கு இடப்பக்கம் என் வீடு. பார்வை பிசகாமல் நேராக நடந்தால் என் தலைவாசல், அடுப்படி, புறவாசல், அப்புறம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

நான் தாளை நம்புகிற ஆள் இல்லை. ரேஷன் கார்டில் என்னைப் பொம்பளை என்று எழுதியிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் போட்ட நேரத்துக்கு நான் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. ஆனால் படித்தவர்கள் தாளை நம்புவார்கள் என்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் பேர் இறங்கினார்கள். எல்லோரும் தாளைப் பார்த்தபடி வரிசையாக என் வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஒருவர் குழம்புச் சட்டியை உதைத்துக் காலை வேகவைத்துக்கொண்டார். ஒருவர் ஆட்டுரலில் மோதி முழங்கால் சில்லைப் பெயர்த்துக்கொண்டார். அவர் மேல் தடுக்கி இன்னொருவர் புறவாசல் நிலையில் பல்லைக் கொட்டினார். இரண்டு பேரை இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்து நான் நிறுத்தினேன். மூன்றாவது ஆளைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. அவர் கிணற்றுக்குள் போய்விட்டார்.

வெயில் ஏறும்போது என் முற்றம் சண்டை முடிந்த இடம் மாதிரி இருந்தது. ரத்தமும் முனகலுமாகக் கிடந்தார்கள். ஆனால் ஒருவரும் வழி தப்பு என்று சொல்லவில்லை. "பயிலரங்கப் பை எப்பக் குடுப்பாங்க?" என்றுதான் கேட்டார்கள்.

"என்ன பைங்க? இந்தப் பைக்கா இவிய இம்புட்டு அடிபட்டு வாராக?" என்றாள் சுடலை.

அன்றே கருவேல முள்ளை வெட்டிக் கிணற்றைச் சுற்றி வேலி போட்டேன். தாளை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

வளைவுக்கு அடியில் முத்துவீரன் நின்றார். செக்யூரிட்டிகளுக்குத் தலைவர். பட்டாளத்திலிருந்து வந்தவர். தினமும் என் வேலியில் வேப்பங்குச்சி ஒடித்துப் பல் விளக்குகிறவர்.

"எங்கிருந்து வாரீரு?" என்றார்.

"எதிர்த்த வீட்டுல இருந்து. தெரியாதாக்கும்?"

"ராஜபாளையத்துல இருந்தா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்தா?"

"ரோட்டத் தாண்டி வாரேன்யா."

"ரோட்டத் தாண்டுன்னு வழிகாட்டியில இல்லையே அண்ணாச்சி" என்று வருத்தப்பட்டார். வருத்தத்தோடு கம்பை ஓங்கி என் முழங்காலில் ஒன்று, முதுகில் ஒன்று போட்டார். நான் கீழே விழுந்ததும் தூக்கிவிட்டு வேட்டியில் மண்ணைத் தட்டினார். "தப்பா நினைக்காதீரும். ராஜபாளையத்துக்குப் போய் பஸ் ஏறி வந்து இடப்பக்கம் திரும்பும். உள்ள விடுதேன்."

அதையும் செய்தேன். நொண்டிக்கொண்டே ராஜபாளையம் போய், பஸ் ஏறித் திரும்பி வந்து, அதே வளைவுக்கு முன்னால் இறங்கி இடப்பக்கம் திரும்பினேன். முத்துவீரன் விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

உள்ளே வழிக் கமிட்டி என்று எழுதிய அறை இருந்தது. வாசலில் கால் ஒடிந்த நாற்காலிகள் விறகு மாதிரி அடுக்கியிருந்தன. மேஜைக்கு அந்தப் பக்கம் பதிவாளர் ஹரிகிருஷ்ணன். ராஜபாளையத்துக்காரர். ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தார். இந்தப் பக்கம் டீன் விக்னேஷ்வரன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். முன்பல் இரண்டு இல்லை. மேஜை மேல் எறிகிற மாதிரி எந்தச் சாமானும் இல்லை. இருந்ததையெல்லாம் எறிந்து முடித்துவிட்டார்களாம்.

விஷயத்தைச் சொன்னேன். பதிவாளர் சிரித்தார்.

"பெரியவரே, வழி எழுதுறது லேசான காரியம்னு நினைக்கிறீங்களா? ராஜபாளையத்துலேர்ந்து வர்றவங்க இடப்பக்கம் திரும்பணும்னு எழுதினோம். அழகான வரி. உடனே டீன் தரப்பு எந்திரிச்சுட்டாங்க."

"எந்திரிக்காம?" என்றார் டீன். பல் இல்லாததால் காற்றும் சேர்ந்து வந்தது. "முதல் வரியும் அவங்க ஊருக்கு. இடப்பக்கமும் அவங்க ஊருக்கு. கோபுரம் இருக்கிற ஊர்க்காரன் மட்டும் மிஞ்சிக் கிடக்கிற பக்கம் திரும்பணுமா? எங்களுக்கும் இடப்பக்கம் வேணும்னோம்."

"அந்தக் கூட்டத்துலதான் என் கண்ணு போச்சு" என்றார் பதிவாளர், பதக்கத்தைக் காட்டுகிறவர் மாதிரி.

"என் பல்லும்" என்றார் டீன்.

"ரத்தம் சிந்தி எடுத்த முடிவு. இரு ஊராருக்கும் இடப்பக்கம். இந்தியாவிலேயே எந்தப் பல்கலைக்கழகத்துலயும் இப்படி ஒரு சமத்துவம் கிடையாது."

"ஐயா, எதிரும் புதிருமா வாற ரெண்டு பேரு ஆளுக்கு ஆள் இடப்பக்கம் திரும்புனா, ஒருத்தன் உங்ககிட்ட வருவான், ஒருத்தன் எங்கிட்ட வருவான். எங்கிட்ட வாரவன் கிணத்துல விழுதான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதையேதான் புரொபசர் சுந்தரபாண்டியனும் சொன்னார்" என்றார் பதிவாளர்.

"அவர் எங்க இருக்காரு?"

"ஆஸ்பத்திரியில. அவரு சிவகாசிக்காரரு. அதனால ரெண்டு தரப்பும் சேர்ந்து அடிச்சுட்டோம்."

"அது போகட்டும்" என்று டீன் கையை உயர்த்தினார். "தப்பு எங்க இருக்குன்னு பாப்போம். வழியில தப்பு இருக்க முடியாது. சிண்டிகேட் ஏத்துக்கிட்ட வழி. காஷ்மீர் வரைக்கும் தபால்ல போயாச்சு. அப்ப தப்பு இடத்துல இருக்கு."

பதிவாளர் தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை அப்போதுதான் பார்த்தேன்.

"உங்க வீடு யார் ஒப்புதலோட அந்த இடத்துல நிக்குது?" என்று கேட்டார் பதிவாளர்.

"எங்க அய்யா கட்டுனது."

"எந்தக் கமிட்டி?"

"எங்க அய்யாவும் ஒரு கொத்தனாரும்."

"ரெண்டு பேர் மட்டும் கூடி ஒரு முடிவெடுத்துருக்காங்க. எவ்வளவு பெரிய அராஜகம் பாருங்க டீன்." அவர் உண்மையாகவே மனம் வெதும்பினார். "பெரியவரே, கவலைப்படாதீங்க. உங்க வீட்டை இடிக்கப் போறதில்ல. திருத்தப் போறோம். அது இருக்கிற இடத்துல கிழக்கு வாசல் வந்துட்டா, ஸ்ரீவில்லிபுத்தூர்லேர்ந்து வர்றவங்களும் சரியா வந்து சேர்ந்ததாயிரும்."

"அப்ப நானும் என் பொண்டாட்டியும் எங்க போறது?"

"அது தங்குமிடக் கமிட்டி. நாங்க வழிக் கமிட்டி."

எழுந்தேன். வெளியே போக எந்தப் பக்கம் என்று கேட்டேன். டீன் சங்கடமாக நெளிந்தார்.

"உள்ள வர்ற வழிதான் எழுதியிருக்கோம். வெளிய போற வழி இன்னும் எழுதல. போன வருசம் பயிலரங்கத்துக்கு வந்தவங்க கொஞ்சம் பேர் இன்னும் ஹாஸ்டல்லதான் இருக்காங்க."

பின்பக்கச் சுவரில் ஏறிக் குதித்தேன். சுவர் மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லு உள்ளங்கையைக் கிழித்தது. ஹாஸ்டல் சன்னலில் தாடி வளர்ந்த ஒரு பேராசிரியர் நின்று என்னைப் பொறாமையோடு பார்த்தார்.

பயிலரங்கத்தின் தொடக்க விழா அன்று காலை ஜேசிபி வந்தது. ஒன்று இல்லை, இரண்டு. ஒரு ஊர்க்காரனுக்கு மட்டும் வேலை கொடுத்தால் இன்னொரு ஊர் சும்மா இருக்குமா? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து ஒன்று, ராஜபாளையத்துப் பக்கமிருந்து ஒன்று. இரண்டு டிரைவர்களுக்கும் ஒரே தாள்: 'நிறுத்தத்துக்கு வந்து, இடப்பக்கம் திரும்பி, முதலில் எதிர்ப்படும் கட்டடத்தை அகற்றவும்.'

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜேசிபி முதலில் வந்துவிட்டது. டிரைவர் வேலுசாமி, சுந்தரபாண்டியம் ஊர்ப் பையன். அவன் கல்யாணத்தில் நான் மொய் எழுதியிருக்கிறேன். நான் அரிவாளோடு வாசலில் நின்றேன். சுடலை உலக்கையோடு நின்றாள்.

"பெரியப்பா, தள்ளி நில்லும். எனக்கும் மனசு ஒப்பல. தாள்ல இடப்பக்கம்னு போட்டுருக்கு" என்றான்.

"ஏலே, உங்கப்பன் தலைய இடின்னு தாள்ல போட்டுருந்தா இடிப்பியாலே?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எங்கப்பா எந்தப் பக்கம் நிக்காருங்கிறதப் பொறுத்து."

அரிவாளை ஓங்கி ஜேசிபியின் கையில் ஒரு வெட்டு வெட்டினேன். அரிவாள்தான் வளைந்தது. அதற்குள் முத்துவீரன் ஆட்களோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். வேலை நேரத்தில் ரோட்டைத் தாண்டி வர அவர்களுக்கும் அனுமதி இல்லை. விடிகாலையிலேயே கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கே பஸ் ஏறி, எங்கள் நிறுத்தத்தில் இறங்கி, இடப்பக்கம் திரும்பி, முறைப்படி வந்து அடித்தார்கள்.

முதல் அடி தோளில். இரண்டாவது அடியில் இடது முழங்கை முறிந்தது. சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. சுடலை உலக்கையால் ஒருவன் மண்டையைப் பிளந்தாள். "ஏலே, எங்க வேலியில குச்சி ஒடிச்சுப் பல்லு வெளக்குன பயலுவளா!" என்று முத்துவீரன் நெஞ்சிலும் ஒன்று வைத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, "மதினி, கை வலிக்கப் போகுது" என்று சொல்லி, அவளைத் தலைமுடியோடு பிடித்து இழுத்து மாட்டுத்தொட்டிப் பக்கம் தள்ளினார். என் வாயில் மண்ணும் ரத்தமும் இருந்தது. மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது.

ஜேசிபியின் வாளி முதலில் தலைவாசல் நிலையைக் கடித்தது. எங்க அய்யா ஒரே வேம்பை அறுத்து இழைத்த நிலை. அதில்தான் இப்போது வெளியூரில் இருக்கிற என் பிள்ளைகளின் உயரத்தை அரிவாள் முனையால் கீறி வைத்திருந்தேன். அது ஒடிந்ததும் கூரை தலையைக் குனிந்தது. பிறகு அடுப்படி. பிறகு சாமி படம் மாட்டிய சுவர். ஒரு வீடு விழுவதற்கு எம்புட்டு நேரம் ஆகும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. ஒரு சோறு வடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

சுடலை அழவில்லை. புழுதியில் உட்கார்ந்து, "அரிசிப் பானை உள்ள இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் ராஜபாளையத்து ஜேசிபி வந்தது. நிறுத்தத்தில் நின்றது. டிரைவர் தாளைப் படித்தான். இடப்பக்கம் திரும்பினான். வளைவுக்குள் நுழைந்தான். முதலில் எதிர்ப்பட்ட கட்டடம் பயிலரங்கக் கூடம்.

உள்ளே பதிவாளர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"வழியில் ஒருபோதும் தவறு இராது என்பதை இந்தப் பல்கலைக்கழகம் இன்று உலகுக்குக் காட்டுகிறது. எதிரில் எது நின்றாலும் அதை அகற்றிவிட்டு முன்னேறும் துணிவு..."

அந்த இடத்தில் சுவர் உள்ளே வந்தது. பேராசிரியர்கள் சன்னல் வழியாகக் குதித்தார்கள். தலைக்கட்டுப் போட்டு வந்தவர்கள் கால்கட்டுக்குத் தகுதியானார்கள். நிறுத்து நிறுத்து என்று பதிவாளர் கத்த, டிரைவர் தாளை நீட்டி, "உங்க கையெழுத்துதான சார்?" என்று கேட்டது மைக்கில் விழுந்தது.

அடுத்து டீன் குரல்: "பாத்தீங்களா! எங்க ஊர் ஜேசிபி ஒழுங்கா வேலை செஞ்சுருக்கு. உங்க ஊர் ஜேசிபிதான் கூடத்தை இடிச்சுருக்கு."

"எங்க ஊர் ஜேசிபியும் இடப்பக்கம்தான்டா திரும்பிச்சு!"

பிறகு ணங்கென்று ஒரு சத்தம். குத்துவிளக்கு என்று பிற்பாடு தெரிந்தது. மைக் கடைசிவரை அணையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கை வலித்தது.

அதற்குப் பிறகு வேப்பமரத்தடியில் தார்ப்பாய் கட்டி இருந்தோம். நான் ஒரு கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு செங்கல் பொறுக்கினேன். சுடலை மண் குழைத்தாள். அடைமழை பிடிப்பதற்கு முன் ஒரு அறையாவது எழும்பிவிட வேண்டும். தார்ப்பாய்க்கு அடியில் பாம்பு வந்துவிட்டது. ஒரு சுவர் இடுப்பு உயரத்துக்கு வந்தபோது, பதிவாளரும் டீனும் வந்தார்கள். ஒருவர் தலையில் கட்டு, ஒருவர் தாடையில் கட்டு. இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முறைப்படி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

"என்ன செய்யுறீங்க?" என்று பதறினார் பதிவாளர்.

"வீடு கட்டுதோம்."

"கட்டக் கூடாது!" புதுத் தாளை நீட்டினார். "விசாரணைக் கமிட்டி சொல்லிருச்சு. வழி சரி. ஜேசிபி ரெண்டும் வழிப்படி நடந்துருக்கு. இனிமே ஜனங்க குழம்பக் கூடாதுன்னு ஒரு அடையாளம் சேர்த்துருக்கோம். படிங்க. 'இடிந்த வீட்டில் இடப்பக்கம் திரும்பி, பார்வை பிசகாமல் நேராக நடக்கவும்.' இது இடிந்த வீடு. நீங்க கட்டிட்டா வழி பொய்யாயிராதா?"

"அப்ப நாங்க சாகுற வரைக்கும் இது இடிஞ்சேதான் கிடக்கணுமா?"

"அதுக்கு அப்புறமும்" என்றார் டீன். அடையாளத்தைப் பராமரிப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் காலால் எங்கள் சுவரை எட்டி உதைத்தார். ஈரச் சுவர். சாய்ந்துவிட்டது. சுடலை மண் அப்பிய கையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாள் வேலை அது அவளுக்கு.

"அங்க என்ன முள்ளு?" என்றார் பதிவாளர்.

"வேலி."

"வழிகாட்டியில வேலி இல்லையே. எடுங்க. கிழக்கு வாசல் கட்டுற வரைக்கும் பாதை திறந்து இருக்கணும்."

"ஐயா, அதுக்கு அந்தப் பக்கம்..."

"எடுங்கன்னா எடுங்க. செக்யூரிட்டியைக் கூப்பிடவா?"

எடுத்தேன். ஒற்றைக் கையால் ஒவ்வொரு கிளையாக இழுத்துப் போட்டேன். முதல் மழைக்குப் புல் இடுப்பளவு வளர்ந்து கிணற்றை மறைத்திருந்தது.

"இப்ப நாங்களே நடந்து காட்டுறோம்" என்றார் டீன். "வழி சரின்னு உங்களுக்கே தெரியும்."

யார் முன்னால் போவது என்று தகராறு வந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் தோளோடு தோள் ஒட்டி, ஒரே தாளை இருவரும் பிடித்துக்கொண்டு, காலை ஒன்றாக எடுத்து வைத்தார்கள்.

"ஐயா, நேரா போனா கிணறு" என்றேன். சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

பதிவாளர் திரும்பாமல் கேட்டார்: "வழிகாட்டியில கிணறு இருக்கா டீன்?"

டீன் தாளை மேலும் கீழும் பார்த்தார். "இல்ல."

"இல்லைன்னா இல்ல."

பார்வை பிசகாமல் நடந்தார்கள். ஒரே நேரத்தில் விழுந்தார்கள். சமத்துவம்.

நானும் சுடலையும் போய் எட்டிப் பார்த்தோம். மழைத் தண்ணீர் தாடை வரைக்கும் இருந்தது. ஆளுக்கு ஒரு படிக்கல். தாளை நனையாமல் இருவரும் நடுவில் உயர்த்திப் பிடித்திருந்தார்கள். யார் முதலில் மேலே ஏறுவது, எந்தப் பக்கமாக ஏறுவது என்று பேச்சு தொடங்கியிருந்தது. டீன் பதிவாளர் தலைக்கட்டைப் பிடித்து முக்கினார். பதிவாளர் எழுந்து தாடைக்கட்டில் ஒரு குத்து விட்டார்.

சுடலை கயிற்றைக் கையில் எடுத்துவிட்டாள். "ஏங்க, போடவா?"

"செத்த நேரம் போகட்டும். வெளிய வாற வழிய அவிய இன்னும் எழுதல."

அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். நான் ஒற்றைக் கையால் செங்கல்லை எடுத்துக் கொடுத்தேன். அவள் அடுக்கினாள்.